வந்தேன். பேசவில்லை.

பத்திரிகைக்காரனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. நேரில் பார்க்காத மனிதரைப் பற்றிக்கூட நாலு பக்கம் எழுதிவிடலாம். பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், சொத்து விவரம், யாரோடு சண்டை, யாரோடு சமாதானம்... எல்லாம் ஃபைலில் இருக்கும். அப்படி ஒரு பெரிய மனிதரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். உபசாரம் பண்ணுகிற ஜோரில், 'சாருக்கு மோர்க்குழம்பு போடுங்க' என்றேன். 'அய்யோ, எனக்குத் தயிர், மோர் எதுவுமே ஆகாதுங்களே' என்று இலையைக் கையால் மூடிக்கொண்டார். அவ்வளவு தடிமனான ஃபைலில் அந்த ஒரு வரி இல்லை!

கடவுள் விஷயத்திலும் என் ஃபைல் ரொம்பத் தடிமன்தான்.

நான் பிறவிக் கிறிஸ்தவன். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஞாயிறு பள்ளியில் பைபிளின் 66 புத்தகங்களின் பெயரையும் மூச்சுவிடாமல் வரிசையாகச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன். நோவாவின் மகன்கள் பெயர் தெரியும். பவுல் எந்தெந்த ஊருக்குக் கப்பலில் போனார் என்று தெரியும். ஆனால், அந்தக் கடவுளுக்கும் எனக்கும் நடுவில் பேச்சு வார்த்தை உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், நானும் இலையை மூடிக்கொண்டிருப்பேன்.

உங்களில் பலர் வேறு மதமாக இருக்கலாம். உங்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். மனப்பாடம் வேறு, பழக்கம் வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் கெடார்.

கெடார் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், காணையைத் தாண்டிப் போக வேண்டும். மணிலாக்கொட்டை, கரும்பு, நெல் என்று இரண்டு பக்கமும் வயல் பார்த்துக்கொண்டே போகலாம். மணிலாக்கொட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த ஊரில் என் அத்தை இருக்கிறார். அப்பாவுக்கு அக்கா. 1965-ல் டீச்சராக அந்தப் பக்கம் போனவர், அங்கேயே வீடு கட்டி, அங்கேயே ரிட்டயர் ஆகி, அங்கேயே இருந்துவிட்டார். மாமா 1987-ல் போய்ச் சேர்ந்தார். குழந்தைகள் இல்லை. ஊருக்கே அவர் 'டீச்சரம்மா'. தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேருமே அவரிடம் அ, ஆ எழுதின வீடுகள் அங்கே உண்டு.

லீவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறேன். விடிகாலை நாலரை மணிக்கு அத்தை எழுந்துவிடுவார். முகம் கழுவி, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, கூடத்து ஓரத்தில் இருக்கிற மர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். எதிரே ஒரு காலி ஸ்டூல். பைபிளை ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ படிப்பார். அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார். பால் கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆள் போகிற சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவ்வளவுதான். பாட்டு இல்லை, கண்ணீர் இல்லை, சத்தம் இல்லை.

சின்ன வயசில் எனக்கு இது ரொம்ப போரடிக்கிற பக்தியாகத் தெரிந்தது. என் பக்தி அப்படியில்லை, விறுவிறுப்பானது! பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஜெபம். ரிசல்ட்டுக்கு முந்தின நாள் உபவாசம். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. நான் இவ்வளவு போட்டால் அவர் இவ்வளவு தர வேண்டும். தந்தால் ஸ்தோத்திரம். தராவிட்டால் அடுத்த மாதம் சரி பண்ணிவிடுவார் என்று நிலுவையில் வைத்துக்கொள்வேன். இந்தக் கணக்கு 2008 வரைக்கும் ஓரளவுக்கு டேலி ஆகிக்கொண்டுதான் இருந்தது.

2008 செப்டம்பரில் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பையன். ஒன்பது மாதமும் எல்லாம் சரியாக இருந்தது. கடைசி நாளில் எதுவோ சரியில்லை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி, யார் தப்பு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். யார் தப்பும் இல்லாமலும் இப்படி நடக்கிறது. வராந்தாவில் முழங்கால் போட்டு நான் பண்ணின ஜெபத்தைப் போல அதற்கு முன்னால் பண்ணினதில்லை. காலை 6.10-க்கு ஒரு நர்ஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் நாலு மணி நேரம் இருந்தான். பெயர்கூட வைக்கவில்லை.

கெடாரில் இருந்து அத்தை பஸ் பிடித்து வந்தார். வந்தவர் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். 'கடவுள் சித்தம்', 'அவருக்குப் பிரியமானதால் எடுத்துக்கிட்டார்', 'எல்லாம் நன்மைக்கே'... சொன்னவர்கள் மேல் தப்பில்லை. வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது. அத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசம் வைத்தார். என் மனைவிக்குத் தலை வாரினார். ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கடவுளோடு கணக்கை முடித்துக்கொண்டேன். சண்டை போடவில்லை, நாத்திகன் ஆகவில்லை. பேங்க்கில் 'டார்மன்ட் அக்கவுண்ட்' என்பார்களே, அந்த மாதிரி. கணக்கு இருக்கும், புழக்கம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மனைவியைச் சர்ச் வாசலில் இறக்கி விட்டுவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு பேப்பர் படிப்பேன்.

ரெண்டு வருஷம் இப்படியே போனது.

2010-ல் ஒரு பட்டா விஷயமாக அத்தையின் கையெழுத்து தேவைப்பட்டது. கெடாருக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். 'நாளைக்குத் திண்டிவனத்துல ஒரு கல்யாணம்டா. என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு, திரும்பக் கூட்டியாந்து விட்டுட்டுப் போயேன்' என்றார். சரி என்றேன். விழுப்புரம், விக்கிரவாண்டி தாண்டித் திண்டிவனம் ஊருக்குள் நுழைந்ததும் அத்தை கையைக் காட்டி, 'இந்த ஊர்ல வால்டர் ஸ்கடர் பள்ளிக்கூடம் இருக்குதே, அந்த ஸ்கடர் யாருன்னு தெரியுமா?' என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் குடும்பம் என்கிற அளவுக்குத் தெரியும். மறுபடியும் ஃபைல்!

'வேலூர் ஆஸ்பத்திரி வேலூர்ல ஆரம்பிக்கலடா. இந்தத் திண்டிவனத்துல, ஒரு ராத்திரியில ஆரம்பிச்சது' என்று அத்தை சொன்னார்.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இரண்டு பேருமே மிஷனரி டாக்டர்கள். குடும்பத்தில் திரும்பின பக்கமெல்லாம் மிஷனரிகள். ஆறேழு வயசில் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த குழந்தை அது. பசியில் வந்து நிற்கிற பிள்ளைகளுக்குத் தன் கையால் ரொட்டி கொடுத்திருக்கிறது. அதனாலேயே, 'இந்த வெயிலும் பஞ்சமும் எனக்கு வேண்டாம், நான் மிஷனரி ஆக மாட்டேன்' என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு அமெரிக்காவில் படித்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தவர், சீக்கிரம் திரும்பிப் போய்விடுகிற எண்ணத்தில்தான் வந்தார். வயசு இருபதுக்குள்.

ஒரு ராத்திரி கதவு தட்டுகிற சத்தம். ஒரு பிராமண இளைஞர் நிற்கிறார். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை பிறக்கவில்லை, உயிருக்கு ஆபத்து. 'நீங்க வந்து பாருங்கம்மா' என்கிறார். 'நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர்' என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் திரும்பிப் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டுகிறார்கள். இந்த முறை ஒரு முஸ்லிம். அதே கஷ்டம், அதே பதில். மூன்றாவதாக இன்னோர் இந்துக் குடும்பத்து ஆள். அவரும் திரும்பிப் போகிறார். காலையில் சாவுமேளச் சத்தம் கேட்கிறது. விசாரித்தால், அந்த மூன்று பெண்களும் ராத்திரியிலேயே இறந்துவிட்டார்கள். அதில் ஒருத்திக்கு வயசு 14 என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த ராத்திரி ஐடா தூங்கவில்லை. தவிப்பும் ஜெபமுமாகக் கழித்தார். கடவுளை முகத்துக்கு முகம் சந்தித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்கிற அர்த்தத்தில் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். கவனியுங்கள். பிறந்ததில் இருந்து கடவுள் பேச்சைத் தவிர வேறு பேச்சு கேட்காத வீட்டுப் பெண். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல் தடவை!

அப்புறம் நடந்தது சரித்திரம். அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களில் அப்பா இறந்துபோனார். வேலூர் பங்களாவில் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு படுக்கை. அங்கே ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 'விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு அப்ளிகேஷன் வந்தாலே பெரிசு' என்கிற மாதிரி பேசினார்கள். வந்த அப்ளிகேஷன் 151. 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தார். இன்றைக்கு சி.எம்.சி. எப்படி நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அந்த வாசலில் டோக்கனோடு நின்றிருப்பார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண் கலங்கவில்லை. கோபம் வந்தது.

அன்று ராத்திரி கெடார் திரும்பியதும் கரண்ட் இல்லை. அந்த வருஷங்களில் கரண்ட் இருந்தால்தான் செய்தி. திண்ணையில் உட்கார்ந்தோம். ரெண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவன், கேட்டேவிட்டேன்.

'அத்தை, ஒரு பொண்ணைக் கூப்பிடணும்னா லெட்டர் போட்டுக் கூப்பிடக் கூடாதா உங்க கடவுள்? அதுக்கு மூணு பொண்ணு சாகணுமா? அந்த மூணு பேருக்கும் பேரு இருக்கா? எந்தப் புத்தகத்துலயாவது போட்டிருக்காங்களா? ஐடாவுக்கு அழைப்பு வந்துச்சு, சரி. அந்தப் பதினாலு வயசுப் பொண்ணுக்கு என்ன வந்துச்சு?'

கேட்ட பிறகுதான் தெரிந்தது, நான் அந்த மூன்று பேரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று. அத்தைக்கும் தெரிந்தது. பனை விசிறியை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். 'அவரு சாகடிச்சாருன்னு நான் சொன்னேனா? ஆம்பள டாக்டரு பார்க்கக் கூடாதுன்னு வச்சிருந்தாங்களே, அது சாகடிச்சுது. படிச்ச பொம்பள டாக்டரு ஒருத்தி இந்தப் பக்கத்துல இல்லாதது சாகடிச்சுது. சாவு அவரு அனுப்பினது இல்லடா. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், கதவைத் தட்டினதுதான் அவரு.'

'அப்ப எம் புள்ள?'

'தெரியலடா.'

அவ்வளவுதான் பதில். எழுபது வயசு. அறுபது வருஷ ஜெபம். தெரியல. எனக்கு ஏனோ அந்த ஒரு வார்த்தை, இரண்டு வருஷமாக நான் கேட்ட அத்தனை ஆறுதலையும்விடப் பெரிசாக இருந்தது.

மறுநாள் விடிகாலை சத்தம் கேட்டு விழித்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பால் கேன் சத்தம் கேட்டது. அத்தை ஸ்டூலுக்குக் கீழே இருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனாவால் எதையோ எழுதினார். பார்த்தால், அது நோட்டு இல்லை. பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். விழுப்புரத்தில் கடையில் வாங்குவாராம். 'டீச்சருக்கு இதுதாண்டா கைக்கு வாட்டம்' என்றார். உள்ளே பழையது ஏழெட்டு இருக்கிறதாம்.

'பார்க்கலாமா?'

'பாரேன். ரகசியம் ஒண்ணும் இல்ல.'

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. தேதி, அப்புறம் ரெண்டு, மூணு வார்த்தை. 'வந்தேன். ஸ்தோத்திரம்.' 'வந்தேன். காய்ச்சல்.' 'வரவில்லை. தூங்கிவிட்டேன்.' 'வந்தேன். சம்பள அரியர்ஸ் பற்றிச் சொன்னேன்.' 'வந்தேன். மழை பார்த்தோம்.' பார்த்தோம் என்று பன்மையில் எழுதியிருந்தது! நான் சிரித்துவிட்டேன். பழைய ரிஜிஸ்டர் ஒன்றில் மாமா இறந்த 1987-ஐத் தேடிப் பார்த்தேன். 'வந்தேன். சண்டை.' அடுத்த நாளும், 'வந்தேன். சண்டை.' ஒரு வாரம் கழித்து, 'வந்தேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன்.'

என் கை தானாக 2008-ஐத் தேடியது. எங்கள் வீட்டில் இருந்த ஒன்பது நாளையும் ஊருக்குத் திரும்பின பிறகு எழுதிச் சேர்த்திருந்தார். செப்டம்பரில் அந்தத் தேதி. 'வந்தேன். பேசவில்லை.'

மறுநாள். 'வந்தேன். பேசவில்லை.'

அதற்கு மறுநாளும் அதேதான். பக்கத்தைத் திருப்பினேன். அக்டோபர் முழுக்க அதே மூன்று அசைச் சொல்லும் அதே முற்றுப்புள்ளியும். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோரு நாள். எங்கள் வீட்டில் சிரித்த முகத்தோடு ரசம் வைத்துக்கொண்டு, என் மனைவிக்குத் தலை வாரிக்கொண்டு இருந்த மனுஷி, என் பிள்ளைக்காகக் கடவுளோடு நாற்பத்தோரு நாள் பேசவில்லை. ஆனால், ஒரு நாள்கூடப் போய் உட்காராமல் இருக்கவில்லை.

நாற்பத்திரண்டாவது நாள் வரி இது: 'வந்தேன். அவர் போகவே இல்லை.'

நான் அழுதேன். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சத்தம் போட்டு. அத்தை தலையைத் தடவவில்லை, சமாதானம் சொல்லவில்லை. 'காப்பி போடுறேன்' என்று எழுந்து போனார்.

கோபித்துக்கொண்டால் உறவு முறிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அத்தைக்குக் கோபமும் அதே உறவுக்குள் நடக்கிற விஷயமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், நாம் யாரோடு 'பேசாமல்' இருப்போம்? பஸ் கண்டக்டரோடா? புருஷன் பொண்டாட்டியோடு, அண்ணன் தம்பியோடு, உயிர் சிநேகிதனோடு. பேசாமல் இருப்பதற்கே ஒரு நெருக்கம் வேண்டியிருக்கிறது.

பைபிளின் பழைய ஏற்பாட்டை எழுதின எபிரெய மொழியில் 'அறிதல்' என்பதற்கு 'யாதா' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆதாம் ஏவாளை அறிந்தான் என்று சொல்கிற இடத்திலும் அதுதான், கடவுளை அறிவது என்கிற இடத்திலும் அதுதான். தகவல் தெரிந்துவைத்திருப்பது மட்டும் இல்லை அது. கூடவே வாழ்ந்து, சண்டை போட்டு, சோறு சாப்பிட்டு வருகிற அறிதல். சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்குப் பாதி புகார்! யோபு கடவுளைக் கோர்ட்டுக்கே கூப்பிடுகிறான். யாக்கோபு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி, இடுப்புச் சந்து பிசகி, நொண்டிக்கொண்டு வீடு போகிறான். ஞாயிறு பள்ளியில் இதையெல்லாம் எனக்குக் கதையாகச் சொன்னார்கள். இப்படியும் பழகலாம் என்று நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்னை தெரசா 1997-ல் காலமானார். பத்து வருஷம் கழித்து, 2007-ல் அவர் எழுதின கடிதங்கள் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. கிட்டத்தட்ட 50 வருஷம், ஜெபத்தில் கடவுள் இருக்கிறார் என்கிற உணர்வே தனக்கு இல்லை, உள்ளே ஒரே இருட்டு என்று தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். 'பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இல்லை' என்று சிலர் எழுதினார்கள். அப்போது நானும் அப்படித்தான் ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். கெடாரில் அந்த ரிஜிஸ்டரைப் பார்த்த பிறகு அது வேறு மாதிரி புரிந்தது. அத்தனை வருஷமும் அவர் விடிகாலையில் எழுந்து ஜெபத்துக்குப் போனார். அப்புறம் கல்கத்தா தெருவுக்குப் போனார். அவர் வந்தார். எதிர்ப் பக்கத்தில்தான் பேச்சு இல்லை. 2016-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த இருட்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, நான் என்ன ஆனேன்?

பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சென்னைக்கு வந்ததும் விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். நாலரைக்கு எழ அத்தையாக இருக்க வேண்டும்! ஹாலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. முதல் நாள், 'வந்தேன். வேண்டாவெறுப்பு' என்று டைரியில் எழுதினேன். நாலாவது நாள் மனைவி எழுந்து வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சேரை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள், இந்த ரெண்டு வருஷமும் அவளும் விடிகாலையில் அடுப்படியில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருந்தாளாம். எனக்குத் தெரிந்தால் கோபப்படுவேன் என்று வாய்விட்டுப் பண்ணவில்லையாம். ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறோம். கடவுளை அறிந்தேனோ இல்லையோ, அன்றைக்கு என் மனைவியைக் கொஞ்சம் அறிந்தேன். இரண்டும் வேறு வேறு இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

2012-ல் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். 'பார்த்தாயா, பதில் வந்துவிட்டது' என்றார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். பையனுக்குப் பதிலாகப் பெண் என்று கணக்கை நேர் பண்ண, இது கடை இல்லை. அவள் அவள்தான். அவன் அவன்தான். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அது அப்போது 97. ஐடா காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். ஆனாலும் அந்த 54 வீட்டிலும் யாரோ வராந்தாவில் முழங்கால் போட்டுத்தான் இருந்திருப்பார்கள். என் ஜெபம் கேட்கப்பட்டது, அவர்களுடையது கேட்கப்படவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் அந்தக் கேள்வி?

கணக்குப் பாடத்தில் ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள். எவ்வளவு பார்த்தாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசப்படுகிற தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் போட்டுவிட்டு மேலே எழுத வேண்டும். நம்ம ஊர் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைகள் அதை 'அனாமத்துக் கணக்கு' என்பார்கள். தப்பை மறைப்பது இல்லை அது. 'இது இன்னும் சரியாகவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று சிவப்பு மசியில் ஒப்புக்கொள்வது. அதற்காகப் புத்தகத்தையே தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். என் பையன் அனாமத்துக் கணக்கில் இருக்கிறான். திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருநாள் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் திறந்து வைத்துக் கேட்பேன். அதுவரைக்கும் தினமும் புத்தகம் எழுத வேண்டும்.

தினமும் போய் உட்கார்ந்ததில் ஒன்றை மட்டும் கண்டேன். கதவு தட்டுகிற சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் காதில் விழுகிறது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் மூன்று நாளாகச் சாப்பிடப் போகவில்லை என்பது கண்ணில் படுகிறது. ஒருத்தரைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டு அனுப்பும் முன்னால், அவர் வீட்டில் இதைப் படிக்கப்போகிற மகள் ஞாபகம் வருகிறது. எல்லாத் தட்டலுக்கும் நான் கதவைத் திறந்துவிடுவதில்லை. பாதி நேரம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். ஆனால், கேட்கவில்லை என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

போன மாதம் கெடாருக்குப் போனேன். அத்தைக்கு இப்போது 85. ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கிறது. என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்கிறார். அவரிடம் படித்த ஒரு பெண்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். அவள் சாமி வேறு, அத்தை சாமி வேறு. நாலரை மணிக்குத் தவறாமல் அத்தையைக் கைபிடித்து நாற்காலியில் உட்கார வைப்பது அவள்தான். உட்கார வைத்துவிட்டுத் தன் வாசலில் கோலம் போடப் போய்விடுகிறாள்.

அன்றைக்கு நானும் எழுந்து தரையில் உட்கார்ந்தேன். பைபிளைத் திறக்கவில்லை. எழுத்து தெரிவதில்லை அத்தைக்கு. சும்மா எதிர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பால் கேன் சைக்கிள் போய் இப்போது மொபெட் வந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

'டேய், நான் இன்னிக்கி வந்துட்டேனா?'

'வந்துட்டீங்க அத்தை.'

'சரி, எழுதிடு.'

ஸ்டூலுக்குக் கீழே இருந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். தேதி போட்டேன். 'வந்தேன்' என்று எழுதினேன். அப்புறம் என்ன எழுத வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

அதற்குக் கீழேயே, என் கையெழுத்தில், எனக்காகவும் ஒரு வரி எழுதிவிட்டு வந்தேன்.